பொட்டலும் புதரும்

மாசி கடைசியில் கண்மாய்த் தண்ணீர் மடைக்குக் கீழே இறங்கிவிடும். கரையை ஒட்டின சேறு பாதி காய்ந்து, காலை வைத்தால் புதையாமல் தடம் மட்டும் பதிகிற பக்குவத்துக்கு வந்திருக்கும். திருமங்கலம் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்த எங்களுக்கு, ராத்திரி யார் யார் வந்து போனார்கள் என்பதை அந்தச் சேறுதான் சொல்லும். கொக்கு, கீரி, உடும்பு, ஊர் நாய் எல்லாவற்றின் காலும் அதில் இருக்கும். அவற்றுக்கு நடுவே இரண்டு தடங்களை மட்டும் குத்தவைத்து உட்கார்ந்து பார்ப்போம். ஒன்று வட்டமாக, நான்கு விரலும் உள்ளங்காலும் மட்டும் பதிந்து, நகக்குறியே இல்லாமல் இருக்கும். இன்னொன்று கொஞ்சம் நீளவாக்கில், ஒவ்வொரு விரலுக்கும் முன்னால் ஒரு நகப்புள்ளியோடு இருக்கும். ஊர் நாயின் தடத்தைவிடச் சின்னது.

முதல் தடம் காட்டுப்பூனையுடையது. நடக்கும்போது நகத்தை உறைக்குள் இழுத்து வைத்துக்கொள்ளும். தேயாமல் கூராக இருந்தால்தான் பாய்ந்து பிடிக்கிற நேரத்தில் உதவும். இரண்டாவது குள்ளநரி. அதற்கு நகம் எப்போதும் வெளியேதான். மண்ணைத் தோண்டுகிற பிழைப்பு அதற்கு. நண்டு வளையைக் கிளறவும் கறையான் புற்றைப் பறிக்கவும் குட்டி போட வளை வெட்டவும் அந்த நகம்தான் வேண்டும். ஒளிந்திருந்து பிடிப்பது ஒன்று, அலைந்து தேடித் தின்பது இன்னொன்று. இந்த இரண்டு பிழைப்பும் மதுரையைச் சுற்றின சமவெளியில் எத்தனையோ காலமாக அக்கம்பக்கமாக நடந்துவந்தது. இப்போது ஒன்று எப்படியோ தாக்குப்பிடிக்கிறது. மற்றது கண்ணில் படுவதே அரிதாகிவிட்டது. ஏன் இப்படி ஆயிற்று என்று நினைக்கிறபோதெல்லாம் மனசு எங்கெங்கோ போய்விட்டுத் திரும்ப இந்தச் சேற்றுக்கே வருகிறது.

பொழுது சாய்கிற நேரத்தில் அப்பத்தா கோழிகளை அடைக்கும். குஞ்சுகளையும் தாயையும் பஞ்சாரத்துக்குள் விட்டு, மேலே ஒரு கல்லைத் தூக்கி வைக்கும். விளையாட்டில் நான் அதை மறந்துபோன நாளில் தெரு வரைக்கும் சத்தம் கேட்கும்: "ஏலே, காட்டுப்பூன வந்துரும்டா, வெரசா வந்து கவுத்து!" வீட்டுக்குப் பின்னால் கள்ளியும் கிளுவையும் வளர்ந்த வேலி. அதற்கு அந்தப்பக்கம் சோளக்காடு. சோளத்துக்குள்ளிருந்து வேலிக்கு, வேலியிலிருந்து கொல்லைக்கு. பூனை வருகிற வழி அப்பத்தாவுக்கு அத்துப்படி.

பின்னால் கல்லூரியில் குறுந்தொகை படித்தபோது 139-ஆம் பாட்டில் அந்தக் கொல்லையை அப்படியே கண்டேன். எழுதியவர் ஒக்கூர் மாசாத்தியார். சிவகங்கைப் பக்கத்து ஒக்கூர்தான் அவர் ஊர் என்பார்கள். மதுரையிலிருந்து கூப்பிடு தூரம். அந்தி நேரம், வேலியோரத்தில் வெருகு, பதறுகிற குஞ்சுகள், அவற்றைக் கூப்பிடுகிற பேடைக் கோழி. ஊராரின் அலர்ப் பேச்சைச் சொல்ல வந்த அந்தக் கவிக்கு, காதில் ஏற்கெனவே இருந்த சத்தம் இதுதான். கோழி வளர்த்த ஒரு பெண்ணுக்குத்தான் அந்த ஓசையின் வலி இவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்று எனக்குத் தோன்றும். ஏறக்குறைய இரண்டாயிரம் வருடமாக வேலி அதே இடத்தில் இருக்கிறது, பூனையும் அதே நேரத்துக்கு வருகிறது.

காட்டுப்பூனையை நின்று நிதானமாகப் பார்க்கக் கிடைத்தது காமராசர் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில். நாகமலை அடிவாரத்தில் நூற்றுக்கணக்கான ஏக்கரில் விரிந்த வளாகம் அது. கட்டடங்களைத் தாண்டினால் புதர்க்காடுதான். விடியற்காலையில் நடக்கப்போனால் கௌதாரி கத்தும், மயில் குறுக்கே போகும். ஒருநாள் பாதையோரத்துப் புல்லுக்குள் அது நின்றது. வீட்டுப் பூனையைவிட ஒன்றரை மடங்கு பெரிசு, எடை 5 கிலோவாவது இருக்கும். கால்கள் உயரம், வால் குட்டை. உடம்பில் புள்ளியும் இல்லை, பட்டையும் இல்லை. காய்ந்த புல்லின் நிறம். கால்களில் மட்டும் மங்கலாகக் கோடுகள், வால் நுனிப்பக்கம் கறுப்பு வளையங்கள், காது நுனியில் சின்னதாய்க் கறுப்பு மயிர்க்கொத்து. தலையைத் தாழ்த்திக்கொண்டு, காதை மட்டும் முன்னால் திருப்பி, ஓர் இடத்தையே பார்த்தது. எனக்கு அங்கே ஒன்றும் தெரியவில்லை. முன்னங்கால் ஒன்றைத் தூக்கியபடியே வெகுநேரம் நின்றது. பிறகு நின்ற இடத்திலிருந்தே எகிறி, இரண்டு காலையும் சேர்த்து விழுந்தது. நிமிர்ந்தபோது வாயில் எலி.

எலிதான் அதற்குச் சோறு. ராஜஸ்தானத்துச் சரிஸ்காவில் நடந்த ஓர் ஆய்வு 2004-இல் வெளிவந்தது. ஒரு காட்டுப்பூனை ஒரு நாளைக்கு 3 முதல் 5 எலி தின்கிறது, வருடத்துக்கு 1,095 முதல் 1,825 வரை என்று அதில் கணக்கிட்டிருந்தார்கள். மேலூர்ப் பக்கம் பெரியாறு கால்வாய்ப் பாசனத்தில் நெல் போடுகிற சம்சாரியிடம் இந்தக் கணக்கைச் சொன்னால் அவருக்கு உடனே புரியும். கதிர் பால் பிடிக்கிற சமயத்தில் எலி வெட்டிச் சாய்த்த வயலை அவர் பார்த்திருப்பார். அப்பத்தா காவல் காத்த கோழிகளில் வருடத்துக்கு ஒன்றிரண்டு போயிருக்கலாம். குதிருக்குள் போன தானியத்தில் அந்தப் பூனை காப்பாற்றிக் கொடுத்தது எவ்வளவு என்று யாரும் அளந்து பார்த்ததில்லை.

*

நரி என்றவுடன் மதுரைக்காரர்களுக்கு ஆவணி மூலம்தான் நினைவுக்கு வரும். திருவிளையாடலில் நரியைப் பரியாக்கிய கதை எங்கள் ஊரில் வருடா வருடம் விழாவாக நடக்கிறது. குதிரை வாங்க அரிமர்த்தன பாண்டியன் கொடுத்த பொன்னைத் திருப்பெருந்துறையில் சிவத்தொண்டுக்குச் செலவழித்துவிட்டார் மாணிக்கவாசகர். அவருக்காக ஈசன் காட்டு நரிகளைக் குதிரைகளாக்கி மதுரைக்கு ஓட்டிவருகிறார். ராத்திரியில் அவை பழையபடி நரிகளாகி, லாயத்துக் குதிரைகளைக் கடித்துக் குதறிவிட்டு ஊளையிட்டுக்கொண்டே காட்டுக்கு ஓடுகின்றன. மாணிக்கவாசகர் பிறந்த திருவாதவூர் மேலூர் போகிற பக்கம்தான் இருக்கிறது. ஊரைச் சுற்றிக் கண்மாயும் பாறைக் குன்றும். சின்ன வயசில் அந்தக் கதையைக் கேட்டபோது, நரிகள் புறப்பட்டு வந்த காடு அந்தக் குன்றுகளுக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும் என்று முடிவே கட்டியிருந்தேன்.

கூட்டமாக ஊளையிடுகிற அந்த நரி வேறு, குள்ளநரி வேறு. ஊளையிடுவது 8, 10 கிலோ எடைக்கு வளருகிற பொன்னிற நரி. ஓநாய்க்கும் நாய்க்கும் நெருங்கின சொந்தம். குள்ளநரி அதில் பாதிகூட இருக்காது. 2, 3 கிலோதான். மெலிந்த உடம்பு, கூர்ந்த மூஞ்சி, பெரிய காது, உடம்பில் பாதிக்கு மேல் நீளமான புசுபுசு வால். வாலின் நுனி கறுப்பாக இருக்கும். இழுத்து ஊளையிடாது, வெட்டி வெட்டிக் குரைக்கிற மாதிரி ஒரு சத்தம் போடும். பேச்சு வழக்கில் இரண்டையும் நரி என்றே சொல்லிவிடுகிறோம். காலையில் நல்ல காரியம் நடந்தால் "நரி முகத்துல முழிச்சியா?" என்று கேட்பதும், கெட்டிக்காரத்தனமாக ஏய்க்கிறவனைக் குள்ளநரி என்று வைவதும் நம் ஊர்ப் பேச்சு. நரிக்கதைகளுக்குக் குறைவே இல்லை. குள்ளநரியைக் கண்ணால் பார்த்தவர்கள்தான் குறைவு.

பார்க்க வேண்டுமென்றால் பொட்டலுக்குப் போக வேண்டும். புதருக்குள் அது இருக்காது. பேரையூர்ப் பக்கத்துச் செவக்காட்டில், ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர் எனக்கு அந்த வளையைக் காட்டினார். கிடை போட்டு ஊர் ஊராகப் போகிற கீதாரி அவர். அழகர் ஆற்றில் இறங்குகிற நாள் நெருங்கின சித்திரை மாதம். குண்டுக்கல்லும் சரளையும் கிடக்கிற மேட்டில், அங்கொன்றும் இங்கொன்றுமாக இலந்தைச் செடி. மற்றபடி கண்ணுக்கு எட்டின தூரம் வெறும் வெளி. "இங்கிட்டு நாலஞ்சு வாசலு இருக்கு தம்பி. ஒண்ணுல பூந்தா இன்னொண்ணுல வெளியேறும். பொட்டக்குட்டியா ஆணானு தெரியாது, மூணு குட்டி திரியுது. காத்துக்கு எதுத்தாப்புல உக்காருங்க" என்றார்.

வளை வாசலில் மண் புதிதாகப் பறிபட்டிருந்தது. பக்கத்தில் கிடந்த எச்சத்தை ஒரு குச்சியால் பிரித்துப் பார்த்தேன். இலந்தைக் கொட்டைகள், வண்டுகளின் பளபளக்கிற மேலோடுகள், எலி மயிர், ஒரு சின்ன இறகின் காம்பு. ஒரு ராத்திரியின் சாப்பாட்டுக் கணக்கு மொத்தமும் அதில் இருந்தது. வெயில் தாழ்ந்த பிறகு முதலில் இரண்டு காதுகள் தெரிந்தன. பிறகு தலை. தாயா தகப்பனா என்று சொல்ல முடியவில்லை. அது வாசலில் உட்கார்ந்து நாலு பக்கமும் பார்த்தது. அப்புறம்தான் குட்டிகள் வெளியே வந்தன. ஒன்று மற்றதன் வாலைக் கடித்து இழுத்தது, மூன்றும் உருண்டு புரண்டன. சற்று நேரத்தில் இலந்தைப் பக்கத்திலிருந்து இன்னொரு பெரிய நரி வாயில் எதையோ கவ்விக்கொண்டு வந்தது. குட்டிகள் அதைச் சுற்றிக்கொண்டன.

குள்ளநரி ஜோடியாக வாழ்கிற பிராணி. ஆணும் பெண்ணும் சேர்ந்து குட்டியைப் பார்க்கும். காட்டுப்பூனை வீட்டில் அந்தப் பாரம் பெரும்பாலும் தாயின் தலையில்தான். கரும்புக் காட்டிலோ நாணல் புதரிலோ குட்டிகளை ஒளித்து வைத்துவிட்டுத் தனியாகப் போய் இரை தேடிவரும். அலங்காநல்லூர் வட்டாரத்தில் கரும்பு வெட்டு மும்முரமாக இருந்த நாட்களில், வெட்டுக்கூலிகள் அந்தக் குட்டிகளைப் பார்த்துச் சிறுத்தைக் குட்டி என்று அலறியடித்து ஓடின கதைகளை அங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அப்படிக் கண்டெடுத்த குட்டியைத் தூக்கிக்கொண்டு போகக்கூடாது. எடுத்த இடத்திலேயே விட்டுவிட்டு ஆட்கள் விலகிப்போனால், பொழுது இருட்டின பிறகு தாய் வந்து வாயில் கவ்வி வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ளும். இதை ஒவ்வொரு கரும்புக் காட்டுச் சம்சாரிக்கும் சொல்லிவைக்க வேண்டும்.

*

நரி நாய்க் குடும்பம், பூனை பூனைக் குடும்பம். ஆனால் நாய்க் குடும்பத்தில் பூனைக்கு மிக நெருக்கமாக வேட்டையாடுவது நரிதான். ஓநாயும் செந்நாயும் கூட்டமாகத் துரத்திப் பிடிக்கும். குள்ளநரி தனியாக, காதை வைத்துக் கேட்டுக் கேட்டு அடியெடுத்து வைக்கும்; எலியின் மேல் எகிறி விழும். நாகமலையில் பூனை செய்ததை அந்தப் பொட்டலில் நரி செய்வதையும் பார்த்தேன். கண்ணின் பாவைகூட இரண்டுக்கும் வெளிச்சத்தில் செங்குத்துக் கீற்றாகச் சுருங்கும். தரையோடு தரையாகப் போய்ப் பதுங்கிப் பிடிக்கிற சின்ன வேட்டை விலங்குகளுக்கு அப்படிப்பட்ட கண் வாய்த்திருக்கிறது. வேறு வேறு வம்சம், ஒரே எலி, அதனால் ஒரே வித்தை.

வாயைத் திறந்தால்தான் வித்தியாசம் தெரியும். காட்டுப்பூனைக்கு 30 பல், குள்ளநரிக்கு 42. பூனையின் பல் கறியை அறுக்க மட்டுமே ஆனது. நரிக்குப் பின்பக்கத்தில் அரைக்கிற கடைவாய்ப் பற்கள் கூடுதல். பழமும் வண்டும் கொட்டையும் அதில் அரைபடும். பூனைக் குடும்பத்துக்கு இனிப்பே தெரியாது. நாக்கில் இனிப்பை உணர வேண்டிய மரபணு ஒன்று அவற்றுக்குச் செயலிழந்து கிடப்பதை 2005-இல் கண்டுபிடித்தார்கள். நரி இலந்தைப் பழத்தையும் வேப்பம்பழத்தையும் கொன்றைக் காயையும் தேடித் தின்னும். மழை பெய்த ராத்திரியில் ஈசல் கிளம்பினால் அதற்கு விருந்து. தின்ற பழத்தின் கொட்டையைக் கொண்டுபோய் இன்னொரு மேட்டில் போடும். அந்தக் கீதாரியின் ஆடுகள் மேய்கிற இலந்தைச் செடிகளில் எத்தனை நரி விதைத்தது என்று யார் கண்டார்கள்?

இப்படி எதையும் தின்கிற பிராணி எங்கேயும் பிழைத்துக்கொள்ளும், கறியை மட்டும் தின்கிற பிராணிதான் முதலில் கஷ்டப்படும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். எங்கள் சமவெளியில் நடந்தது நேர்மாறு. சாப்பாடு இங்கே விஷயமாக இருக்கவில்லை. இருக்கிற இடம்தான் விஷயமாகிவிட்டது.

காட்டுப்பூனைக்கு மறைவு இருந்தால் போதும். அது நாணலா, நெல்லா, கரும்பா, சம்பு மண்டின கண்மாயா என்று பார்க்காது. தண்ணீர் ஓரம் என்றால் அதற்குக் கூடுதல் விருப்பம். சீமைக்கருவேலம் எங்கள் கண்மாய்களின் உள்வாயை அடைத்துக்கொண்டபோது அந்த முள்ளுக்குள்ளும் அது குடிபுகுந்தது. வரத்துக்கால்களையும் ஆறுகளையும் மூடின அந்த மரத்தை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2017-இல் உத்தரவிட்டபோது, ஜேசிபி இறங்காத கண்மாய் இல்லை. தண்ணீருக்காக அது நடக்க வேண்டிய வேலைதான். அந்த முள்ளுக்குள்ளே கீரியும் பூனையும் குட்டி வைத்திருக்கும் என்பதையும் நினைத்து, ஒரே மூச்சில் வழிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, நாட்டுக் கருவேலுக்கும் உடைக்கும் இடம் விட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். எப்படியோ, ஒரு மறைவு போனால் பக்கத்து மறைவுக்குப் பூனை நகர்ந்துவிடுகிறது.

குள்ளநரிக்கு வேண்டியது நேர் எதிரானது. நாலு பக்கமும் தெரிகிற வெளி வேண்டும், வளை வெட்டத் தோதான மேட்டு நிலம் வேண்டும். பயிர் உள்ள நிலத்தில் ராத்திரி இரை தேடும். ஆனால் குட்டி போட உழாத நிலம்தான் வேண்டும், உழவு மாடும் டிராக்டரும் ஏறாத நிலம். அப்படிப்பட்ட நிலத்துக்கு வருவாய்த்துறைக் கணக்கில் தரிசு, தீர்வை ஏற்படாதது, மேய்ச்சல் புறம்போக்கு, கரடு என்று பல பேர். மத்திய அரசின் நிலவளத்துறையும் ஐதராபாத் தேசியத் தொலையுணர்வு மையமும் 2000-இலிருந்து வெளியிட்டுவரும் தரிசு நில வரைபடத் தொகுப்பில், புதர் நிலமும் திறந்த வெளியும் பயனற்ற நிலத்தோடு சேர்த்தே எண்ணப்படுகின்றன. பயனற்றது என்று ஒரு தடவை எழுதிவிட்டால், பிறகு அதைப் பயனுள்ளதாக ஆக்குவது ஒவ்வொரு அதிகாரியின் கடமையாகிவிடுகிறது.

நான் பார்க்க மதுரையைச் சுற்றின பொட்டல்கள் இப்படித்தான் போயின. நான்குவழிச் சாலை வந்தது. சாலையை ஒட்டி வெள்ளையடித்த கல் நட்டு பிளாட் போட்டார்கள். குன்றுகளைக் கிரானைட்டுக்காக அறுத்தார்கள். மேலூர்ப் பக்கம் அது எந்த அளவுக்குப் போயிற்று என்பதை விசாரித்துச் சொல்ல உயர் நீதிமன்றம் உ. சகாயத்தை 2014-இல் நியமிக்க வேண்டி வந்தது. ராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016-இல் எழுந்தது. வெயில் மின்சாரம் நல்லதுதான், நிலக்கரிப் புகையைக் குறைக்கிறது. அதற்கு நிலம் தேடும்போது "சும்மா கிடக்கிற இடம்" என்று முதலில் கை நீட்டுவது எப்போதும் பொட்டலை நோக்கித்தான். மரம் நடுகிறவர்களும் அங்கேதான் வருகிறார்கள். நல்ல மனசோடு வந்து குழி தோண்டிக் கன்று வைத்துத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகிறார்கள். வெளியை நம்பி வாழ்கிற கௌதாரிக்கும் வானம்பாடிக்கும் குள்ளநரிக்கும் அந்த நிழலால் நன்மை இல்லை.

*

குள்ளநரியைப் பற்றித் தமிழ்நாட்டில் முதன்முதலாக உட்கார்ந்து கவனித்து எழுதியவர்களில் முக்கியமானவர் ஏ.ஜே.டி. ஜான்சிங். நாங்குநேரிக்காரர், சிவகாசியில் கல்லூரி ஆசிரியராக இருந்தவர். பின்னால் பந்திப்பூர் செந்நாய்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்து உலகம் அறிந்த காட்டுயிர் அறிஞர் ஆனார். 1978-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் அவருடைய குள்ளநரிக் கட்டுரை வந்தது. 2024-இல் அவர் காலமானபோது புலி, யானை, செந்நாய் என்று எல்லோரும் அவரை நினைவுகூர்ந்தார்கள். எனக்கு அந்த நரிக் கட்டுரைதான் நினைவுக்கு வந்தது. காட்டுக்குள் போவதற்கு முன்பு அந்த மனிதர் நம்முடைய வெயில் நிலத்தில் நின்று ஒரு சின்னப் பிராணியைப் பார்த்திருக்கிறார் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

நாயின் கதையையும் இங்கே சொல்லியாக வேண்டும். மகாராஷ்டிரத்தில் சோலாப்பூர் பக்கம் நன்னஜ் புல்வெளியில் அபி வனக் என்கிற ஆராய்ச்சியாளரும் அவருடைய தோழர்களும் குள்ளநரிகளை வருடக்கணக்கில் கவனித்தார்கள். தீனி வைத்த இடத்துக்குப் பக்கத்தில் நாய் இருந்தால் நரி வந்து தின்பது குறைந்துபோனதைச் சோதனை செய்தே காட்டினார்கள். நாய் கடிக்கக்கூட வேண்டாம், நின்றாலே போதும். ஊர் ஓரத்தில் குப்பை சேர்கிற இடமெல்லாம் நாய்கள் பெருகுகின்றன. கோழிக்கடைக் கழிவு பொட்டலில் வந்து விழுகிறது. கூட்டமாகச் சேர்ந்த நாய்கள் ராத்திரி வெளியெங்கும் சுற்றுகின்றன. அவை வெறிநோயையும் டிஸ்டம்பர் நோயையும் நரிக்குக் கொடுத்துவிடவும் கூடும். டிஸ்டம்பர் பரவி ஒரு வட்டாரத்துக் குள்ளநரிகள் கொத்தாகச் செத்துப்போவது உண்டு. பூனையால் நாயைக் கண்டதும் மரத்தில் ஏறிவிட முடியும். வெறும் பொட்டலில் நரிக்கு வளையை விட்டால் வேறு வழியில்லை. குப்பையை ஊர் எல்லையில் கொட்டாமல் இருப்பதும், நாய்களுக்குத் தடுப்பூசியும் கருத்தடையும் போடுவதும் ஒரு நரியைக் காப்பாற்றும் என்று நாம் நினைப்பதில்லை. நிஜத்தில் காப்பாற்றும்.

மனிதக் கையும் ஒரு காரணம். சேலம் மாவட்டத்து வாழப்பாடியைச் சுற்றின ஊர்களில் பொங்கலை ஒட்டிக் குள்ளநரியை (அங்கே வங்காநரி என்பார்கள்) வலை போட்டுப் பிடித்துவந்து ஓட விடுகிற வழக்கம் ஒன்று உண்டு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது குற்றம் என்று வனத்துறை ஊர் ஊராகச் சொல்லி, மீறினவர்களுக்கு அபராதமும் போட்டுவருகிறது. நரி முகத்தில் விழித்தால் விளைச்சல் பெருகும் என்ற நம்பிக்கையில் நடப்பது அது. நம்பிக்கை வைத்த பிராணியை வலையில் மாட்டிக் கயிற்றில் கட்டுவானேன்? விளைச்சலுக்கு அது செய்கிற உதவி, கழனியில் அது சுதந்திரமாகத் திரிகிறபோதுதான் நடக்கும். எலியும் வெட்டுக்கிளியும் வண்டும் அதற்குச் சாப்பாடு என்பது வளை வாசலில் கிடந்த எச்சத்திலேயே இருந்ததே.

மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டிக்குப் போகிறபோதெல்லாம் எனக்கு நம்பிக்கை திரும்ப வரும். ஏழு குன்று, குடைவரைக் கோயில், சமணர் படுகை, சுனைகள், கண்மாய்கள். தேவாங்கும் எறும்புத்தின்னியும் மலைப்பாம்பும் உண்டு. லகர் வல்லூறும் ஷாகீன் வல்லூறும் ராசாளியும் அங்கே பாறை இடுக்கில் கூடு வைக்கின்றன. அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193.215 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022 நவம்பரில் அரசு அறிவித்தது. இரண்டே வருடத்தில், நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலம் அந்தத் தலத்தின் ஒரு பகுதியையும் உள்ளே இழுத்துக்கொண்டு வந்தது. மேலூர் வட்டாரமே எழுந்து நின்றது. கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள், 2024 டிசம்பரில் சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது, 2025 ஜனவரி 7 அன்று மேலூரிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் மதுரையை நோக்கி நடந்தார்கள். அதே மாதம் 23-ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அம்பலகாரர் வீட்டுப் பெண்களும் ஆடு மேய்க்கிற பிள்ளைகளும் வல்லூறின் பெயரைச் சொல்லிப் பேட்டி கொடுத்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது எனக்கு மனசு நிறைந்துபோயிற்று.

அந்த வெற்றியோடு சேர்த்து ஒரு கவலையும் எனக்கு உண்டு. அரிட்டாபட்டியைக் காப்பாற்ற நம்மிடம் சொல்ல நிறைய இருந்தது. குன்று இருந்தது, கோயில் இருந்தது, கல்வெட்டு இருந்தது, சுனை இருந்தது. பேரையூர்ப் பொட்டலுக்கு யார் வந்து பேசுவார்கள்? அங்கே கல்வெட்டு இல்லை, மரம் இல்லை, படம் எடுத்தால் அழகாகவும் வராது. ஆடு மேய்க்கிறவருக்கும் நரிக்கும் தவிர வேறு யாருக்கும் அதன் அருமை தெரியாது. அந்தக் கீதாரியிடம் நரி ஆட்டுக்குட்டியைத் தூக்கிவிடாதா என்று கேட்டேன். "அது எம்புட்டுக்காணும் தம்பி! பெரிய நரின்னா பயம். இது எலியும் எலந்தப்பழமும் தின்னுக்கிட்டுத் திரியுது. இந்த எடத்த வித்துட்டாகன்னா எனக்கும் அதுக்கும் ஒரே நெலமதேன்" என்றார். கிடை மாடும் ஆடும் போய்ச் சாணம் போட்ட கழனிகளும், மேய்ச்சல் புறம்போக்கும், குள்ளநரியும் ஒரே முடிச்சில் கட்டினவை என்பதை அவரைவிடச் சுருக்கமாக எந்த ஆய்வுக் கட்டுரையும் சொல்லிவிட முடியாது.

காட்டுப்பூனையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதன் மேல் எனக்கு இருக்கிற பிரியம் அப்பத்தா கொல்லையிலிருந்து வருவது. சாலையில் அடிபட்டுக் கிடப்பதைப் பார்த்தால் அன்றைக்கு முழுக்க மனசு ஆறாது. எலிக்கு வைக்கிற விஷம் எலி வழியாக அதன் வயிற்றுக்கும் போகிறது. அதையும் நிறுத்தியாக வேண்டும். இருந்தாலும் உலகத்தில் அதற்கு இடம் பரந்து கிடக்கிறது. எகிப்தின் நைல் கழிமுகத்திலிருந்து மேற்காசியா, இந்தியா வழியாக வியட்நாம் வரைக்கும் காட்டுப்பூனை உண்டு. எகிப்தியர்கள் பதப்படுத்தி வைத்த பூனை உடல்களில் இந்த இனமும் இருந்திருக்கிறது. இலங்கையிலும் உண்டு. குள்ளநரி அப்படி இல்லை. இமயமலை அடிவாரத்திலிருந்து குமரி வரைக்கும் உள்ள இந்தத் துணைக்கண்டம்தான் அதற்கு மொத்த உலகமும். கடல் தாண்டி இலங்கைக்குக்கூட அது போகவில்லை. இங்கே இல்லாமல் போனால் எங்கேயும் இல்லாமல் போகிற பிராணி அது.

இரண்டு பிராணிகளையும் இத்தனை காலம் பக்கத்துப் பக்கத்தில் வைத்து நினைத்துப் பார்த்ததில் எனக்குக் கிடைத்த பாடம் இவ்வளவுதான்: பச்சையாக, அடர்த்தியாக இருக்கிற இடத்தைத்தான் நாம் இயற்கை என்று மதிக்கிறோம், அதனால் மறைவில் வாழ்கிற பூனைக்கு ஏதோ ஓர் ஒதுக்கிடம் மிஞ்சுகிறது, வெளியில் வாழ்கிற நரிக்கு மிஞ்சுவதில்லை. ஒவ்வொரு கிராமத்திலும் அடங்கல் பதிவேட்டை எடுத்துப் பார்த்தால், மேய்ச்சல் புறம்போக்காக எஞ்சி நிற்கிற சர்வே எண்கள் சிலவாவது இருக்கும். அவற்றில் நரி வளை இருக்கிறதா, கௌதாரி முட்டையிடுகிறதா, எந்தக் கிடை எந்த மாதம் வந்து தங்குகிறது என்று ஊர்ப்பிள்ளைகளை வைத்தே எழுதி வாங்கலாம். ஊராட்சிகளில் பல்லுயிர்ப் பதிவேடு வைக்கச் சட்டமே வழி செய்திருக்கிறது. அரிட்டாபட்டிக்காக எழுந்த அதே கிராம சபைகள், பிளாட் போட வருகிறவரிடமும் மரக்கன்றோடு வருகிறவரிடமும் "இந்தப் பொட்டல் எங்களுக்கு வேணும், இருக்கிறபடியே இருக்கட்டும்" என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மதுரைச் சீமையில் அப்படி ஒரு தீர்மானம் முதலில் எந்த ஊரில் நிறைவேறினாலும், அந்த ஊருக்குப் போய் அந்த மக்களைக் கும்பிட்டுவிட்டு வர நான் காத்திருக்கிறேன்.